வார இறுதிக்கு ஒரு பழைய கார்: போலோ ஜிடி டிஎஸ்ஐயா, அபார்த் புன்டோவா?

திருவனந்தபுரத்தில் சனி, ஞாயிறுகளில் மட்டும் ஆசையாக ஓட்டுவதற்கு ஒரு செகண்ட் ஹேண்ட் பெர்ஃபார்மன்ஸ் கார் தேடுபவர்கள், பல மாதங்கள் விளம்பரங்களைப் புரட்டிய பிறகு பெரும்பாலும் இரண்டு பெயர்களில் வந்து நிற்கிறார்கள். ஒன்று ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ. மற்றது ஃபியட் அபார்த் புன்டோ. இரண்டும் மகாராஷ்டிரத்தில் புனேக்குப் பக்கத்தில் பிறந்தவை. போலோ சாக்கன் ஆலையில், புன்டோ ராஞ்சன்காவ் ஆலையில். இரண்டும் நான்கு மீட்டருக்குள் அடங்கும் ஹேட்ச்பேக்குகள். இரண்டிலும் டர்போ பெட்ரோல் எஞ்சின். இரண்டையும் இன்று புதிதாக வாங்க முடியாது என்பதால்தான் பழைய கார்ச் சந்தையில் இவற்றுக்கு இவ்வளவு கிராக்கி.

போலோ ஜிடி டிஎஸ்ஐ 2013 ஏப்ரலில் சுமார் 8 லட்சம் ரூபாய் ஷோரூம் விலையில் வந்தது. 1.2 லிட்டர், நான்கு சிலிண்டர் எஞ்சின். 105 குதிரைத்திறன், 175 நியூட்டன் மீட்டர் டார்க். எஞ்சின் 1,197 சிசியில் நின்றதற்குக் காரணம் உண்டு. நான்கு மீட்டருக்குள், 1,200 சிசிக்குள் இருந்தால்தான் பெட்ரோல் காருக்குச் 'சிறிய கார்' என்ற வரிச்சலுகை கிடைக்கும். அந்த வரம்புக்குள் இருந்துகொண்டே, நின்ற இடத்திலிருந்து 100 கி.மீ. வேகத்தை 9.7 வினாடியில் எட்டும் என்று நிறுவனம் அறிவித்தது. அந்த விலையில் ஏழு கியர் கொண்ட டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக் கிடைத்ததும் அன்று பெரிய விஷயம். 2020இல் பி.எஸ். 6 மாசு விதிகள் வந்தபோது இந்த எஞ்சின் நின்றுபோய், 1.0 லிட்டர் மூன்று சிலிண்டர் எஞ்சின் அந்த இடத்துக்கு வந்தது. 2022இல் போலோவே இந்தியாவில் நிறுத்தப்பட்டது.

அபார்த் புன்டோவின் கதை வேறு. அபார்த் என்பது வியன்னாவில் பிறந்த கார்ல் அபார்த் 1949இல் இத்தாலியில் தொடங்கிய பந்தய நிறுவனம். அவருடைய ராசி விருச்சிகம்; அதனால்தான் காரின் மூக்கில் தேள் சின்னம். 1971இல் ஃபியட் அந்த நிறுவனத்தை வாங்கியது. ஏற்கெனவே இந்தியாவில் ஓடிக்கொண்டிருந்த புன்டோவுக்குள் 1.4 லிட்டர் டி-ஜெட் எஞ்சினை வைத்து, உயரத்தைக் கொஞ்சம் தாழ்த்தி, நான்கு சக்கரங்களுக்கும் டிஸ்க் பிரேக் கொடுத்து, 2015 அக்டோபரில் ஃபியட் அதை அறிமுகப்படுத்தியது. ஷோரூம் விலை 9.95 லட்சம். 145 குதிரைத்திறன், 212 நியூட்டன் மீட்டர் டார்க், 100 கி.மீ. வேகத்துக்கு 8.8 வினாடி. எஞ்சின் 1,200 சிசியைத் தாண்டியதால் போலோவுக்குக் கிடைத்த வரிச்சலுகை இதற்கு இல்லை. பத்து லட்சத்துக்குள் இவ்வளவு சக்தியுள்ள வேறு ஹேட்ச்பேக் அப்போது இந்தியாவில் இல்லை. விற்பனை குறைவு. பி.எஸ். 6 வருவதற்கு முன்பே ஃபியட் என்ற பெயர் இந்தியச் சந்தையிலிருந்து விலகிக்கொண்டது.

காகிதத்தில் 40 குதிரைத்திறன் வித்தியாசம். ஆனால் வாங்குபவர் ஓட்டப்போவது திருவனந்தபுரத்தைச் சுற்றியுள்ள சாலைகளில். அந்தச் சாலைகளை முன்னால் வைத்துப் பார்த்தால்தான் இந்த எண்களுக்கு அர்த்தம் வரும்.

நகரத்திலிருந்து வார இறுதிக்குப் போகக்கூடிய சாலைகள் மூன்று வகை. முதலாவது மலை: பேரூர்க்கடை, நெடுமங்காடு, விதுரா, கல்லாறு வழியாகப் பொன்முடி. சுமார் 60 கி.மீ. தூரம், கல்லாறுக்கு மேல் 22 கொண்டை ஊசி வளைவுகள், உச்சியில் ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரம். இரண்டாவது காட்டுச் சாலை: நெடுமங்காட்டிலிருந்து பாலோடு, மடத்தற, குளத்துப்புழை, தென்மலை, அங்கிருந்து ஆரியங்காவு, புளியரை, செங்கோட்டை என்று தமிழ்நாட்டுப் பக்கம் இறங்கிக் குற்றாலம் வரை. மூன்றாவது திறந்த வெளி: கழக்கூட்டம் முதல் காரோடு வரையிலான புறவழிச்சாலை, பிறகு நாகர்கோவில், ஆரல்வாய்மொழி, காவல்கிணறு தாண்டித் திருநெல்வேலி நோக்கிய நான்குவழிச்சாலை.

பொன்முடியில் 145 குதிரைகளுக்கு வேலை குறைவு. கொண்டை ஊசி வளைவில் கார் 20, 25 கி.மீ. வேகத்துக்கு இறங்கிவிடும். இரண்டாம் கியரில் அந்த வேகத்தில் அபார்த்தின் எஞ்சின் 2,000 சுற்றுக்குக் கீழே இருக்கும். டி-ஜெட்டின் முழு டார்க் 2,000 சுற்றில்தான் தொடங்குகிறது. எனவே வளைவு முடிந்து ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஒரு கணம் ஒன்றும் நடக்காது. பிறகு மொத்தமும் ஒரே வீச்சில் வந்து சேரும். முதல் கியருக்கு இறக்கலாம் என்றால் கனமான கிளட்ச்சும் நீளமாக நகரும் கியர் கம்பியும் வளைவின் நடுவில் அதற்கு இடம் கொடுக்காது. போலோவுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அதன் முழு டார்க் 1,500 சுற்றிலிருந்தே கிடைக்கிறது. 4,100 வரை அப்படியே நிற்கிறது. டிஎஸ்ஜி தானாகவே சரியான கியரைப் பிடித்துக்கொள்ளும். எஸ் மோடில் போட்டால் இன்னும் விழிப்பாக இருக்கும். பொன்முடி ஏற்றத்தை மட்டும் எடுத்துக்கொண்டால், சாதாரண ஓட்டுநர் கையில் போலோ அபார்த்துக்கு அதிகம் பின்தங்காது.

இறங்கும்போது கணக்கு மாறுகிறது. 22 வளைவுகளையும் பிரேக்கை நம்பி இறங்கினால் எந்தக் காருக்கும் பிரேக் சூடேறும். போலோவின் பின்சக்கரங்களில் டிரம் பிரேக். அபார்த்தில் நான்கிலும் டிஸ்க். கூடவே மேனுவல் கியர் என்பதால் இரண்டாம் கியரில் போட்டு எஞ்சினையே பிரேக்காகப் பயன்படுத்துவது அபார்த்தில் இயல்பாக வரும். போலோவிலும் கியர் கம்பியைப் பக்கவாட்டில் தள்ளி மேனுவலாக இரண்டாம் கியரைப் பிடிக்கலாம். பலர் செய்வதில்லை, 'டி'யிலேயே விட்டுவிடுகிறார்கள். இறங்கி முடிக்கும்போது வரும் கருகிய வாடைக்கு அதுதான் காரணம்.

அபார்த் தன் உண்மையான முகத்தைக் காட்டுவது தென்மலைச் சாலையில். மூன்றாம் கியரில் எடுக்கக்கூடிய நடுத்தர வளைவுகள், இடையில் சிறு நேர்ப்பகுதிகள், மேலே மரக்கூரை, பக்கத்தில் ரயில் பாதை, கழுதுருட்டியில் பதின்மூன்று கண் பாலம். அங்கே எஞ்சின் 2,500க்கும் 4,000க்கும் நடுவிலேயே நிற்கிறது. டர்போ ஒருபோதும் தூங்குவதில்லை. அபார்த்தின் ஹைட்ராலிக் ஸ்டீயரிங் டயருக்கும் சாலைக்கும் நடுவில் நடப்பதைக் கையில் சொல்கிறது. புன்டோவின் சஸ்பென்ஷன் மோசமான சாலைகளுக்குப் பேர் பெற்றது; தாழ்த்தி இறுக்கிய பிறகும் அந்த நல்ல குணம் போகவில்லை. போலோ இங்கேயும் நேர்த்தியாகத்தான் ஓடும். ஆனால் அதன் ஸ்டீயரிங் லேசானது. ஓட்டுபவரிடம் அதிகம் பேசாது. வார இறுதிக்கென்றே ஒரு கார் வாங்குபவர் தேடுவது இந்தப் பேச்சைத்தான் என்றால், அபார்த் இந்த இடத்தில் தெளிவாக ஒரு படி மேலே.

நான்குவழிச்சாலையைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. கேரளத்தில் நான்குவழித் தேசிய நெடுஞ்சாலையில் காருக்கு 2023 முதல் மணிக்கு 100 கி.மீ. வரை அனுமதி, நகருக்குள் 50. அந்த வேகத்தில் இரண்டு கார்களும் அலட்டிக்கொள்ளாமல் ஓடும். ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது சற்றுக் கனமான புன்டோ கொஞ்சம் நிதானமாக நிற்கும். அவ்வளவுதான்.

மழை வந்தால் எல்லாம் வேறு. திருவனந்தபுரத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. ஆண்டில் பாதிக்கு மேல் பொன்முடிச் சாலை ஈரமாகவே இருக்கும். ரப்பர் தோட்டங்களின் இலையும் பாசியும் சேர்ந்த ஈரச் சாலையில், 212 நியூட்டன் மீட்டரும் முன்சக்கரங்கள் இரண்டின் வழியாக ஒரே வீச்சில் இறங்கினால் டயர் சுழலும், ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுக்கும். அபார்த்தில் ஏபிஎஸ் உண்டு, ஈஎஸ்பி கிடையாது. போலோ ஜிடி டிஎஸ்ஐயில் ஈஎஸ்பியும், ஏற்றத்தில் பின்னால் உருளாமல் பிடிக்கும் ஹில் ஹோல்டும் உண்டு. கார் தடம் விலகத் தொடங்கும் கணத்தில் தனித்தனிச் சக்கரங்களுக்கு பிரேக் கொடுத்து நேராக்கும் ஏற்பாடுதான் ஈஎஸ்பி. ஓட்டத் தெரிந்தவருக்கு எதற்கு அதெல்லாம் என்ற பேச்சு கார் பிரியர்களிடையே சகஜம். எதிரே வளைவில் அரசுப் பேருந்து வரும்போது அந்தப் பேச்சு உதவாது. பொன்முடிக்கு மழைக்காலத்திலும் போகிற எண்ணம் இருப்பவர் இந்த ஒரு விஷயத்தை 40 குதிரைத்திறனுக்குச் சமமாக வைத்துப் பார்க்க வேண்டும். 2014இல் குளோபல் என்கேப் நடத்திய மோதல் சோதனையில் இரண்டு ஏர்பேக் உள்ள போலோ, பெரியவர்கள் பாதுகாப்பில் நான்கு நட்சத்திரம் பெற்றதும் சேர்த்துக்கொள்ள வேண்டிய செய்தி.

இனி, வாங்குபவர்கள் அதிகம் யோசிக்காத ஒரு பக்கம். வார இறுதிக் கார் இரண்டு நாள் ஓடும். ஐந்து நாள் நிற்கும். அதன் நோய்களில் பாதி நிற்பதால் வருபவை. சங்குமுகம், வேளி, கோவளம் பக்கம் வீடு என்றால் உப்புக்காற்று டிஸ்க்குகளில் இரண்டே நாளில் துரு ஏற்றும். அபார்த்துக்கு நான்கு டிஸ்க், எனவே நான்கு துரு. முதல் சில பிரேக்குகளில் அது தேய்ந்து போய்விடும், பயப்பட ஒன்றும் இல்லை. வாரக்கணக்கில் நின்றால்தான் பள்ளம் விழும். டிஎஸ்ஜிக்கு வேறொரு குணம்: பேட்டரி மின்னழுத்தம் குறைந்தால் கியர்பாக்ஸின் மின்னணு மூளை தவறான எச்சரிக்கைகளைக் காட்டத் தொடங்கும். ஐந்து நாள் நிற்கும் காரில் பேட்டரி சோர்வது இயல்பு. வாரத்தின் நடுவில் ஒருநாள் எஞ்சின் முழுதாகச் சூடேறும் அளவுக்கு ஒரு சுற்று போய்வருவது இரண்டு காருக்குமே நல்லது. மரங்கள் சூழ்ந்த வீடுகளில் எலித் தொல்லை தனி. பானட்டுக்குள் கூடு கட்டி வயரைக் கடித்தால், டர்போ எஞ்சினின் சென்சார் வயரிங்கைத் தேடிப் பிடித்துச் சரிசெய்வது லேசான வேலை இல்லை.

பெட்ரோலும் இதில் சேரும். 2025இல் நாடு முழுவதும் பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலப்பு வந்துவிட்டது. இந்த இரண்டு கார்களும் அதற்கென வடிவமைக்கப்பட்டவை அல்ல. எத்தனால் ஈரத்தை இழுக்கும். நிற்கும் காரில், அதுவும் இந்த ஊரின் ஈரக் காற்றில், டேங்க்கைப் பாதி காலியாக வைத்திருப்பது நல்லதில்லை. எரிபொருள் குழாய்களும் ரப்பர் சீல்களும் கசிகின்றனவா என்று சர்வீஸில் பார்க்கச் சொல்ல வேண்டும்.

போலோவின் பெரிய கேள்விக்குறி அதன் கியர்பாக்ஸ். டிக்யூ200 என்ற அந்த ஏழு கியர் டிஎஸ்ஜியில் இரண்டு கிளட்ச்சுகள்: ஒன்று ஒற்றைப்படை கியர்களுக்கு, ஒன்று இரட்டைப்படைக்கு. அடுத்த கியர் முன்கூட்டியே தயாராக இருப்பதால் மாற்றம் கண் இமைக்கும் நேரத்தில் முடியும். அந்தக் கிளட்ச்சுகள் எண்ணெயில் மூழ்கியவை அல்ல, உலர்ந்தவை. சூட்டை வெளியேற்றக் காற்றுதான் வழி. திருவனந்தபுரத்தில் உள்ளூர், கேசவதாசபுரம், கிழக்கேகோட்டை ஆகிய இடங்களின் நெரிசலில் அரையடி அரையடியாக நகரும்போது கிளட்ச் பாதி பிடித்தும் பிடிக்காமலும் உரசிக்கொண்டே இருக்கும். தேய்மானம் அங்கேதான். இந்தக் கியர்பாக்ஸுக்காக 2013இல் ஃபோக்ஸ்வேகன் உலக அளவில் சுமார் 16 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்து, செயற்கை எண்ணெயை மாற்றிக் கனிம எண்ணெய் ஊற்றியது. கியர்களை இயக்கும் மெக்கட்ரானிக் என்ற பாகம் போனால் செலவு பெரிது. விற்பவர் அதை ஏற்கெனவே மாற்றி, பில்லும் வைத்திருந்தால், அதைக் காரின் குறையாகக் கருதாமல் அனுகூலமாகவே எடுத்துக்கொள்ளலாம்.

சந்தையில் கிடைக்கும் ஜிடி டிஎஸ்ஐக்களில் பெரும்பாலானவை முதல் ஓனரிடம் தினசரி ஆபீஸ் காராக இருந்தவை. டெக்னோபார்க்குக்கும் வீட்டுக்கும் நடுவில் ஓடிய 50,000 கி.மீ., நெடுஞ்சாலையில் ஓடிய 90,000 கி.மீட்டரைவிட டிஎஸ்ஜிக்கு மோசமானது. ஓடோமீட்டரைப் பார்த்து விலை பேசுபவர்கள் இங்கே ஏமாறுகிறார்கள். கார் எங்கே ஓடியது என்பதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

அபார்த்தின் கியர்பாக்ஸ் சாதாரண ஐந்து கியர் மேனுவல். கிளட்ச் தேய்ந்தால் மாற்றலாம். எந்த நல்ல மெக்கானிக்குக்கும் தெரிந்த வேலை. எஞ்சினும் உறுதியான பழைய வார்ப்பிரும்பு பிளாக். அதன் சிக்கல் உதிரிபாகங்கள். டி-ஜெட் எஞ்சின் 2010 முதலே ஃபியட்டின் லினியா டி-ஜெட் காரிலும் இருந்ததால் எஞ்சின் சம்பந்தமான பொருட்கள் தேடினால் கிடைக்கும். கதவு, பம்பர், விளக்கு போன்றவை மற்ற புன்டோக்களிலிருந்து பெரும்பாலும் சமாளிக்கலாம். ஆனால் அபார்த்துக்கென்றே வந்த அலாய் வீல், இருக்கைத் துணி ஆகியவற்றைத் தேடி அலைய வேண்டும். ஒரு சிறிய மோதல், கிடைக்காத ஒரு பாகம், காரை மாதக்கணக்கில் ஒர்க் ஷாப்பில் நிறுத்திவிடும். ஃபோக்ஸ்வேகன் இன்னும் இந்தியாவில் இருக்கிறது; நகரிலேயே சர்வீஸ் உண்டு, வெளி ஒர்க் ஷாப்களிலும் போலோவைப் பழகிய கைகள் ஏராளம். அபார்த்தை வாங்குபவர் முதலில் மெக்கானிக்கைக் கண்டுபிடித்துவிட்டு, அதன் பிறகே காரைத் தேட வேண்டும். இந்த வரிசை மாறினால் சிரமம்தான்.

இரண்டு காரிலும் பெயர்ப்பலகையை நம்பக் கூடாது. சாதாரண 1.2 போலோவில் ஜிடி எழுத்துகளை ஒட்டி விற்பவர்கள் உண்டு. ஆர்.சி.யைப் பார்த்தால் தெரிந்துவிடும்: டர்போ எஞ்சின் 1,197 சிசி, சாதாரண மூன்று சிலிண்டர் எஞ்சின் 1,198 சிசி. ஒரு சிசி வித்தியாசம், ஆனால் முற்றிலும் வேறு கார். புன்டோவில் சிசி உதவாது. 90 குதிரைத்திறன் கொண்ட டர்போ இல்லாத 1.4 ஃபயர் எஞ்சினும் அதே 1,368 சிசிதான். அங்கே ஆர்.சி.யில் உள்ள மாடல் பெயரையும், பின்சக்கர டிஸ்க்கையும், பானட்டுக்குள் டர்போவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

காரைப் பார்க்கப் போகிற நாளில், காலையில் ஸ்டார்ட் செய்யாமல் வைத்திருக்கும்படி ஓனரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். குளிர்ந்த எஞ்சின்தான் உண்மை பேசும். 1.2 டிஎஸ்ஐ வரிசையின் முந்தைய தலைமுறையில் டைமிங் செயின், பிந்தையதில் பெல்ட். எது என்று எஞ்சின் எண்ணை வைத்து உறுதிசெய்துகொள்ள வேண்டும். செயின் உள்ள எஞ்சினில் தளர்வு இருந்தால் முதல் ஸ்டார்ட்டில் சில வினாடி கிலுகிலுவென்று சத்தம் வரும். டி-ஜெட்டில் பெல்ட். அது ஓடிய தூரத்தால் மட்டும் கெடுவதில்லை, வயதாலும் கெடும். எப்போது மாற்றியது என்பதற்குப் பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொண்டு அந்தச் செலவை விலையில் கழிக்க வேண்டும். எக்ஸாஸ்ட்டில் நீலப் புகை வந்தால் டர்போ எண்ணெய் குடிக்கிறது என்று சந்தேகப்படலாம். டிஎஸ்ஜியை நெரிசல் வேகத்தில் ஓட்டி, ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாறும்போது நடுக்கம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்; ஏற்றத்தில் ரிவர்ஸும் எடுத்துப் பார்க்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் தயாரானது. பூ தேயாமல் பளபளப்பாக இருந்தாலும் ஆறு ஏழு வயதான டயரை மலையில் நம்பக் கூடாது.

வெள்ளத்தில் நின்ற காரா என்பது இந்த ஊரில் தவறாமல் கேட்க வேண்டிய கேள்வி. 2015 டிசம்பரில் சென்னை, 2018 ஆகஸ்டில் கேரளத்தின் பெரும்பகுதி, 2023 அக்டோபரில் திருவனந்தபுரம் நகரமே. அந்த வெள்ளங்களில் மூழ்கிய கார்களில் பல கழுவித் துடைத்து மீண்டும் சந்தைக்கு வந்தவை. சீட் பெல்ட்டை முழுதாக வெளியே இழுத்தால் கடைசி முழத்தில் சேற்றுக்கறை தெரியும். டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் குழி, சீட்டுக்கு அடியில் உள்ள போல்ட், டாஷ்போர்டுக்குக் கீழே உள்ள வயர் முனை ஆகியவற்றில் துரு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கலாம்.

அடுத்தது மாற்றங்கள். இந்த வகைக் கார்களை அப்படியே வைத்திருந்தவர்கள் குறைவு. ரீமேப் செய்து சக்தியைக் கூட்டுவது, எக்ஸாஸ்ட்டை மாற்றுவது, ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்துவது எல்லாம் நடந்திருக்கும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை அனுமதியின்றி மாற்றக் கூடாது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில்தான் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்தமாகச் சொன்னது. மாற்றிய காருக்கு விபத்துக்குப் பிறகு இன்சூரன்ஸ் நிறுவனம் கைவிரிக்க வாய்ப்புண்டு. ரீமேப் செய்த டிஎஸ்ஜி போலோ இன்னொரு வகையில் ஆபத்து: அந்தக் கியர்பாக்ஸ் தாங்கும் உச்ச டார்க் 250 நியூட்டன் மீட்டர் மட்டுமே. எதுவும் மாற்றாத கார், மாற்றிய காரைவிடக் கொஞ்சம் விலை கூடினாலும் அதையே வாங்குவது நல்லது.

ஆவணங்களில் வெளிமாநிலக் கார் என்றால் கூடுதல் வேலை. தமிழ்நாட்டிலிருந்து, குறிப்பாக நாகர்கோவில் டி.என். 74, மார்த்தாண்டம் டி.என். 75 பதிவில் உள்ள கார்கள் இங்கே சுலபமாகக் கண்ணில் படும். அங்கேயே வசிப்பவர் வாங்கினால் சிக்கல் இல்லை. திருவனந்தபுரத்தில் வைத்து ஓட்டுவதானால், பழைய ஆர்.டி.ஓ.விடம் படிவம் 28இல் தடையில்லாச் சான்று பெற்று, கேரளத்தில் மறுபதிவு செய்து, மீதி ஆண்டுகளுக்கான வரியைக் கட்ட வேண்டும். 12 மாதத்துக்கு மேல் வெளிமாநில எண்ணில் வைத்திருக்க முடியாது. அந்த வரியைச் சேர்த்துப் பார்த்தால் சில நேரம் உள்ளூர் கே.எல். 01 காரே மலிவு. படிவம் 29, 30 கையெழுத்து, கடன் முடிந்திருந்தால் படிவம் 35 ஆகியவற்றை உறுதிசெய்து, பாக்கி அபராதத்தை அரசின் பரிவாகன் தளத்தில் சரிபார்த்துவிட்டே பணம் கொடுக்க வேண்டும். 2023 ஜூன் முதல் கேரளச் சாலைகளில் 726 கேமராக்கள் அபராதம் விதித்துக்கொண்டிருக்கின்றன. வேகக் கார்களின் பெயரில் பாக்கி இருக்கச் சாத்தியம் அதிகம். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் புதிய பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். நோ கிளெய்ம் போனஸ் பழைய ஓனருக்கு உரியது, காரோடு வராது.

வயதும் பணம்தான். 2013இல் பதிவான போலோவின் 15 ஆண்டு 2028இல் முடிகிறது. 2016 அபார்த்துக்கு 2031 வரை இருக்கிறது. அதற்குப் பிறகு தகுதிச் சோதனை செய்து ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கலாம். ஆனால் 15 ஆண்டு கடந்த வாகனங்களுக்கான வரியைக் கேரளம் 2025 பட்ஜெட்டில் 50 விழுக்காடு உயர்த்தியிருக்கிறது. ஆரம்ப ஆண்டு போலோவை மலிவாகக் கொடுக்கிறார்கள் என்றால் அதன் காரணங்களில் இதுவும் ஒன்று.

வேகத்தை முழுதாக அனுபவிக்க வேண்டும் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கவடியார் சாலையும் கோவளம் புறவழிச்சாலையும் இரவில் காலியாகத் தெரியலாம். அங்கே நடப்பவர்கள், பால் வண்டிக்காரர்கள், நாய்கள் எல்லாரும் இருக்கிறார்கள். கோயம்புத்தூரில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத் தடம் இருக்கிறது. டிராக் டே நடக்கும் நாளில் ஹெல்மெட்டோடு போய்க் காரின் எல்லையைத் தொட்டுப் பார்க்கலாம். கோவைக்கு 400 கி.மீ. ஓட்டிப்போவதும் இந்தக் கார்களுக்கு ஒரு நல்ல வார இறுதிதான்.

தீர்ப்பு என்று ஒன்று வேண்டுமானால் இப்படிச் சொல்லலாம். வீட்டில் தினசரி ஓட்ட வேறொரு கார் இருந்து, இது வார இறுதிக்கு மட்டும் என்றால், அபார்த் புன்டோ. போலோவின் பெரிய வசதியான டிஎஸ்ஜி நெரிசலுக்கானது. நெரிசலில் ஓடாத காருக்கு அந்த வசதியும் வேண்டாம், அதன் பழுதுக் கவலையும் வேண்டாம். மேனுவல் கியர், பேசும் ஸ்டீயரிங், நான்கு டிஸ்க், 145 குதிரைத்திறன் ஆகியவை தென்மலைச் சாலையில் கொடுக்கும் மகிழ்ச்சிக்கு அந்த விலையில் இந்தியாவில் ஈடு இல்லை. ஆனால் மூன்று நிபந்தனைகள்: மாற்றங்கள் இல்லாத கார், தெரிந்த மெக்கானிக், கொட்டும் மழையில் பொன்முடிக்குப் போகாத கட்டுப்பாடு. இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் போலோதான் சரி. அதுவே வீட்டின் ஒரே கார் என்றாலும், ஓட்டப் பழகிக் கொஞ்ச நாளே ஆனவர் கையில் போகிறது என்றாலும் போலோதான். அப்படிப் போலோ பக்கம் சாய்பவர்கள், 2020 முதல் 2022 வரை வந்த 1.0 டிஎஸ்ஐயில் ஆறு கியர் மேனுவல் ஒன்று கிடைக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். 110 குதிரைத்திறன், அதே 175 நியூட்டன் மீட்டர், டிஎஸ்ஜி தலைவலி இல்லை.

எதுவானாலும், டோக்கன் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் ஓனரையும் ஒரு மெக்கானிக்கையும் காரில் ஏற்றிக்கொண்டு விதுரா வரை ஒரு முறை போய்வாருங்கள். பெட்ரோல் செலவை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள். அதற்குச் சம்மதிக்காத ஓனரின் காரை வாங்க வேண்டாம்.